ஆறாவது காடு

மழை பெய்த மறுநாள் காலையில், செருப்பைக் கழற்றிவிட்டு உங்கள் காட்டுக்குள் நடந்து பார்த்திருக்கிறீர்களா?

பொங்கியண்ணனிடம் நல்லாத்தாள் கேட்டது இதைத்தான்.

அவர் கேட்க வந்தது வேறு.

"அம்மிணி, எம் மண்ணு எம்மேல ஏன் கோவிச்சுக்கிச்சு?" என்றுதான் அவர் ஆரம்பித்தார். அவள் பதில் சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நடக்காம? பொறந்ததுல இருந்து அதுலதான நடக்கறேன்."

"இந்த ஆறு வருஷத்துல நடந்திருக்கீங்களா பெரியப்பா?"

பொங்கியண்ணன் யோசித்தார்.

"டிராக்டர் வந்தப்பறம் நடக்கற வேலை ஏது?"

"செரிங்க. அந்தக் கல்லு மேல உக்காருங்க."

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவளுக்கு முப்பது. அவருக்குப் பத்து ஏக்கர் சொந்தம். அவளுக்குச் சொந்தம் நாற்பது செம்மறி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மேய்ச்சல் காடுகளைக் குத்தகைக்குப் பிடித்து ஆடு வளர்ப்பவள்.

அவள் யாருக்கும் குரு இல்லை. ஆனால் காங்கயத்துக்குத் தெற்கே அவள் ஆடு மிதிக்காத காடு குறைவு. அதனால் மண்ணில் ஏதாவது கோளாறு என்றால் அவளிடம் போவார்கள். போனவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு திரும்புவார்கள். மீதிப் பேருக்கு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் புரியும்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. ஆவணி மாசம். முந்தின நாள் நல்ல மழை.

நாற்பது ஆடும் வேலிக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தன. வேலிக்கு உள்ளே புல் பச்சையாகத் தளதளவென்று நின்றது. அவள் உள்ளே விடவில்லை.

"பசியில கத்துது பாரு. உள்ள முடுக்கு."

"தரை ஈரமா இருக்குதுங்க."

"ஈரமா இருந்தா ஆட்டுக்குச் சளி புடிச்சுக்குமா?"

"ஆட்டுக்கு இல்லீங்க. தரைக்கு."

பொங்கியண்ணன் சத்தமாகச் சிரித்தார்.

"தரைக்குச் சளி புடிக்குமா! இதைக் கேக்கத்தான் ரெண்டு மைல் வந்தனா நான்?"

"நாப்பது ஆடு. நூத்தறுவது குளம்பு. ஈரத்துல அமுத்துனா அமுத்துனதுதான். அப்பறம் பூமி மூச்சு விடாது."

சிரிப்பு பாதியில் நின்றது.

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். அதில் புல்லுக்கென்றே விட்ட காடு கொறங்காடு. சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல். அங்கங்கே ஒரு வெள்வேல மரம். ஏர் போகாது. ஆடு மாடுதான் போகும்.

பொங்கியண்ணனின் பத்து ஏக்கரும் ஒரு காலத்தில் கொறங்காடுதான். ரெண்டு ரெண்டு ஏக்கராக ஐந்து அடைப்பு. ஒன்றில் மாடு மேயும்போது மற்ற நான்கும் ஓய்வெடுக்கும்.

இப்போது அதில் நான்கு போய்விட்டது.

"சொல்லுங்க," என்றாள் நல்லாத்தாள். "எப்படிக் கோவிச்சுக்கிச்சு?"

"விதைச்சா முளை வெளிய வரமாட்டேங்குது. மழை பேஞ்சு வெயில் அடிச்சா மேல ஓடு கட்டிக்குது. அப்பளமாட்டம். கீழ பாத்தா முளை வழி தெரியாம மடங்கிக் கெடக்குது, பாவம்."

"என்ன பண்ணுனீங்க?"

"ஓட்டை உடைக்கோணும்னு ரோட்டவேட்டர் விட்டேன். பூமியே மாவாட்டம் ஆயிருச்சு."

"அப்பறம்?"

"மறுபடி மழை. இன்னும் கெட்டியா ஓடு கட்டுச்சு."

"அப்பறம்?"

"மறுபடி ரோட்டவேட்டர்."

"மாவா அரைச்சா அப்பளம்தானுங்க வரும்."

இடுப்பில் இருந்த குழந்தை சிரித்தது. பொங்கியண்ணனுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

வேலிக்குள் இருந்து மழை குடித்த புல்லின் வாசம் வந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார். அவர் முகம் மாறிவிட்டது.

"இந்த வாசம் எங்க காட்டுல அடிக்கும் அம்மிணி. பத்து ஏக்கரும் அடிக்கும்."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்கூட்டுக்காரி தெய்வாத்தா இருந்தா பாரு, மத்தியானச் சோத்தைக் கொண்டாந்து குடுத்துட்டு அந்தப் புல்லு மேலயே படுத்துக்குவா. பாய் வேண்டாம், துண்டு வேண்டாம். மெத்து மெத்துனு இருக்கும். எந்திரிச்சா கன்னத்துல புல்லு தடம் கோடு கோடா இருக்கும். போற வர்றவங்க எல்லாம் கேலி பண்ணுவாங்க."

"ம்."

"மழை வந்தாலும் ஓட மாட்டா. மரத்துக்கடியில நிப்பா. விட்டதும் காட்டுக்குள்ளயே நடந்து ஊட்டுக்கு வருவா. கால்ல ஒரு பொட்டுச் சேறு இருக்காது. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

"காலையா?"

"ஏன், பொண்டாட்டி காலைப் பாக்கறதுக்கு உங்கிட்டச் சீட்டு வாங்கோணுமா?"

நல்லாத்தாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள்.

"அப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்கீங்க போச்சு?"

"எந்தத் தண்ணி?"

"பேஞ்ச தண்ணி."

அவர் வேலிக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள போச்சு," என்றார் மெதுவாக.

"இப்ப எங்க போகுது?"

"ரோட்டுல செவப்பா ஓடுது. பஸ்ஸுக்காரன் நிறுத்தி வெச்சுத் திட்டறான்."

அதற்குப் பிறகுதான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டார்.

தெய்வாத்தாள் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் போன பிறகு மாடுகளைப் பார்க்க ஆளில்லை. விற்றாயிற்று. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த மகன் கதிரேசன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். வந்தவன், "வெறும் புல்லை வெச்சுக்கிட்டு என்னப்பா பண்றது, உழுகலாம்" என்றான். உழுதார்கள்.

முதல் காட்டில் மக்காச்சோளம் போட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேலே போனது. கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் வருஷம் இடுப்பளவு. மூன்றாம் வருஷம் முழங்கால்.

இடுப்பளவு ஆன வருஷமே அடுத்த அடைப்பையும் உழுதிருந்தார்கள். அங்கேயும் முதல் வருஷம் அமோகம். பிறகு அதே கதை.

இப்படியே நான்கு.

"அஞ்சாவது ஒண்ணுதான் புல்லா இருக்குது. வியாழக்கிழமை அதையும் உழுகறதுக்கு டிராக்டர் கேட்டு வெச்சிருக்கறான். இந்த வருஷமும் சோளம் வரலைன்னா திருப்பூருக்கே போயிருவேங்கறான். உழுதா இருப்பான். உழுகலைன்னா போயிருவான். நீ சொல்லு அம்மிணி. உழுகட்டுமா, வேண்டாமா?"

நல்லாத்தாள் தரையைத் தொட்டுப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வாங்க. வரும்போது நாலாவது காட்டுல இருந்து ஒரு கட்டி, அஞ்சாவதுல இருந்து ஒரு கட்டி. மண்ணுக்கட்டிதானுங்க. உடையாமக் கொண்டாங்க."

"மண்ணுக்கட்டியா?"

"ஆமாங்க."

"நான் மகனைப் பத்திக் கேக்கறேன்."

"நானும் அதைத்தானுங்க சொல்றேன்."

பாதிப் பேரைப் போல அவரும் கோபித்துக்கொண்டு போனார்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தார். துண்டில் இரண்டு முடிச்சு.

அவள் கல் அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

"புள்ளை மண்ணைத் திங்குது பாரு!"

"இந்த மண்ணுதானுங்க, ஒண்ணும் பண்ணாது. உங்க சோளக்காட்டு மண்ணா இருந்தாப் புடுங்கி வீசியிருப்பேன். என்ன மருந்து அடிச்சிருக்கீங்களோ."

"இந்த வாய்க்குத்தான் உன்னை எவனும் ஊருக்குள்ள சேக்கறதில்லை."

"ஊரே இங்க வருதேங்க. நான் எதுக்கு ஊருக்குள்ள போறேன்?"

கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தாள். அவர் குடித்தார். அவளும் குடித்தாள். பிறகு இரண்டு டம்ளரையும் கழுவி, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, கல் மேல் வைத்தாள்.

"காட்டுங்க."

அவர் முதல் முடிச்சை அவிழ்த்தார். நாலாவது காட்டுக் கட்டி. சிவப்பு, கை முஷ்டியளவு, முனை மழுங்காமல் இருந்தது. இரண்டு விரலால் சுண்டிக் காட்டினார். ணங் என்றது.

"கல்லாட்டம். சைக்கிள்ள ரெண்டு மைல் குலுங்கியும் ஒரு தூசி உதுரலை. என்ர மண்ணு ஒண்ணும் லேசுப்பட்டது இல்லை."

"அது?"

இரண்டாவது முடிச்சை அவிழ்க்கும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பாதி உதிர்ந்து கிடந்தது. மீதி பொலபொலவென்று வடைத்தூள் மாதிரி. நடுவே மயிர் மயிராகப் புல்லின் வேர். சாணி உருட்டும் வண்டு ஒன்று அதிலிருந்து வெளியே வந்து, இது எந்த ஊர் என்பது போலப் பார்த்தது.

"இது சீக்குப் புடிச்ச மண்ணு. வேர் இருக்கங்காட்டித்தான் இந்த அளவுக்காவது நிக்குது."

நல்லாத்தாள் டீ வடிகட்டியை எடுத்தாள். கெட்டியான கட்டியில் எலுமிச்சை அளவு உடைக்கப் பார்த்தாள். முடியவில்லை. கல்லால் தட்டித்தான் உடைக்க வேண்டியிருந்தது. அவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை வடிகட்டியில் வைத்து முதல் டம்ளர் தண்ணீரில் இறக்கினாள்.

குமிழ் விட்டது.

விரிசல் விட்டது.

அவர் "அடடே" என்று சொல்வதற்குள் ஒரு பக்கம் சரிந்தது. மறுபக்கமும் சரிந்தது. வடிகட்டியைத் தூக்கினாள். அதில் நாலு பொடிக்கல்தான் மிச்சம். டம்ளர் முழுக்கச் சிவப்பாகக் கலங்கி, கொஞ்சம் முன்னால் குடித்த டீ போலவே இருந்தது.

வடிகட்டியைக் கழுவினாள். பொலபொல மண்ணில் எலுமிச்சை அளவு எடுத்தாள். கல் வேண்டியிருக்கவில்லை. வைத்து இறக்கினாள்.

இரண்டு குமிழ் விட்டது.

அப்படியே இருந்தது.

தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள். இறக்கினாள். குழந்தைக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது, கை தட்டியது. பத்துத் தடவை முக்கி எடுத்தும் கட்டி கட்டியாகவே இருந்தது. டம்ளருக்கு அடியில் இருந்த கல்லின் வரி தண்ணீர் வழியாகத் தெரிந்தது.

பொங்கியண்ணன் இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெட்டியா இருந்தது கரைஞ்சுபோச்சு."

"ஆமாங்க."

"ஒண்ணுமில்லாதது நிக்குது."

"ஆமாங்க."

"ரெண்டும் ஒரே மண்ணு அம்மிணி! நடுவால ஒரு வேலிதான்! எங்கப்பன் காலத்துல அந்த வேலியும் கெடையாது!"

"ஆமாங்க."

"ஆமாங்க ஆமாங்கன்னா? ஏன்னு சொல்லு."

அவள் இரண்டு டம்ளரையும் அவர் முன்னால் நகர்த்தினாள்.

"உங்க கிணறு தாகத்துல இருக்குது பெரியப்பா. எதைக் குடுப்பீங்க?"

அவர் கிணற்றை நினைத்தார். தெய்வாத்தாள் காலத்தில் குனிந்து மோந்த கிணறு. இப்போது கல்லைப் போட்டால் சத்தம் வர நேரமாகிறது.

ஆடுகள் கத்தவில்லை. அன்றைக்குத் தரை காய்ந்திருந்தது. உள்ளே மேய்ந்துகொண்டிருந்தன.

பிறகு தலையை நிமிர்த்தினார்.

"எல்லாஞ் செரி. மண்ணு தெரிஞ்சுது. மகனுக்கு என்ன சொல்லட்டும்? அவன் போயிருவான் அம்மிணி. இந்த வயசுல அந்த ஊட்டுல நான் தனியா எப்படி இருக்கறது?"

"புல்லைக் கீறுனா மொத வருஷம் நல்லா வருதுங்களா?"

"தப்பாம வருது. நாலு தடவையும் வந்துது."

"என்ன உரம் போட்டீங்க?"

"மொத வருஷத்துக்கு ஒண்ணும் போட்டதில்லையே."

"பொறகு யார் போட்டதுங்க?"

அவர் பார்வை துண்டில் கிடந்த புல் வேருக்குப் போனது. வண்டு துண்டின் மடிப்புக்குள் நுழைய வழி தேடிக்கொண்டிருந்தது.

"உழுதுருங்க," என்றாள் அவள்.

"என்னது?"

"உழுதுருங்க. இந்த வருஷம் சோளம் நல்லா வரும். மகன் இருப்பாரு. அடுத்த வருஷத்துக்கு ஆறாவது காட்டை எனக்குக் காட்டுங்க."

"ஆறாவதா? ஆறாவது ஏது?"

நல்லாத்தாள் எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தார். குழந்தை தவழ்ந்து வந்து கலங்கின டம்ளருக்குள் கையை விட்டது. அவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டார். பேரப்பிள்ளை இல்லாத மனிதர். துடைத்த கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்தபோது கேட்டார்.

"மறுபடி புல்லு வருமா? அந்த நாலுலயும்?"

"விதைச்சா வரும்."

"கொழுக்கட்டைப்புல்லு விதை கடையில கெடைக்குமா?"

அவள் அவருடைய வேட்டியைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தார். காலையில் கட்டி எடுக்க ஐந்தாவது காட்டுக்குள் நடந்திருந்தார் அல்லவா, முழங்கால் வரைக்கும் வேட்டியில் பஞ்சு பஞ்சாக ஒட்டியிருந்தது. புல் விதை. வைகாசி மழைக்கு வந்த புல், முற்றிக் காய்ந்து, உதிரக் காத்திருந்த விதை.

அவர் ஒன்றைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்தார். ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது.

"இதை வேற எங்கியும் பாத்தே வருஷமாச்சு," என்றார். "அந்தப் பக்கம் எல்லாருமே உழுதுட்டாங்க."

அவள் தலையாட்டினாள்.

"விதைச்சா, மண்ணு பழையபடி ஆக எத்தன வருஷம் புடிக்கும்?"

நல்லாத்தாள் அவர் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"இவ பள்ளிக்கூடம் போறப்ப மேல் மண்ணு கொஞ்சம் பொலபொலங்கும்."

"மெத்து மெத்துனு எப்ப ஆகும்?"

"இவ சடங்கு சீருக்குச் சொல்லி விடறேன். வந்துட்டு அப்பிடியே பாத்துட்டுப் போங்க."

"அது வரைக்கும் நான் இருக்கோணுமே!"

"இருங்க. யாரு வேண்டாம்னாங்க?"

அவர் சிரித்தார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. சைக்கிளையும் ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே போனார். ரெண்டு மைலும்.

வியாழக்கிழமை விடிந்ததும் கதிரேசன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தான். கலப்பையைத் தூக்கி நிறுத்தியிருந்தான்.

ஐந்தாவது காட்டுக்குள் அவன் அப்பா நின்றுகொண்டிருந்தார். இடுப்பளவு புல்லில், கழுத்தில் ஒரு சாக்குப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கதிரை உருவி உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். பை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"விதை எடுக்கறேன்."

"புல்லு விதையா? எதுக்கு?"

"நாலு காட்டுக்கு."

அவன் இன்ஜினை அணைக்கவில்லை. அது உறுமிக்கொண்டே இருந்தது.

"அப்பா, இன்னிக்கு டிராக்டரை விட்டா மறுபடி பத்து நாளைக்கு ஆகும். ஈரம் போயிரும். வெளிய வாங்க."

"இதை உழுகலை கதிரேசா."

"உழுகலைன்னா? நாலு காடும் ஒண்ணுமில்லாமப் போச்சு. இதுவும் இல்லைன்னா என்னத்தைப் பண்றது?"

"புல்லு. ஆடு. மாடு ஒண்ணு ரெண்டு. முன்ன இருந்தாப்பல."

"உழுத காட்டைப் புல்லுக்கு விடறதா? ஊருக்குள்ள என்ன பேசுவாங்க தெரியுமா? பொங்கியண்ணன் பையன் கையாலாகாதவன், காட்டைச் சும்மா போட்டுட்டான்னு டீக்கடையில உக்காந்து சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"உங்களுக்கென்ன. என்னையத்தான சொல்லுவாங்க?"

பொங்கியண்ணன் கதிர் உருவுவதை நிறுத்தினார். நேற்று முழுக்க அவர் பேசிப் பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. தண்ணீர், டம்ளர், கட்டி எல்லாம் அதில் இருந்தது. அது ஒன்றும் வாயில் வரவில்லை.

"நீ திருப்பூருக்குப் போறதுன்னாப் போ சாமி," என்றார்.

கதிரேசன் அவரைப் பார்த்தான்.

"நெசமாத்தான் சொல்றேன். நான் தடுக்கலை. மொதக் காட்டை உழுதது சோளத்துக்கில்லை. நீ இருக்கோணும்னுதான். ரெண்டாவதும் அதுக்குத்தான். நாலும் அதுக்குத்தான். உன்னையப் புடிச்சு வெக்கறதுக்கு இன்னொரு காடு என்கிட்ட இல்லை."

கதிரேசன் இன்ஜினை அணைத்தான்.

அணைத்ததும்தான் காட்டின் சத்தம் கேட்டது. புல்லுக்குள் எங்கோ காடை ஒன்று கூப்பிட்டது. காற்றுக்குப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"நான் போறேன்னு சொன்னது கோவத்துலப்பா."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது." அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் எதுக்கு உழுகலாம்னு சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சோளத்துக்கு."

"அம்மா போன புதுசுல வந்தேன் பாருங்க. நீங்க தினமும் சாயங்காலம் மொதக் காட்டுக்குள்ள போய் அந்த மரத்தடியில உக்காந்திருந்தீங்க. அம்மா படுக்கற எடத்தை. கையால தடவிக்கிட்டு. ஒரு மாசம் பாத்தேன். கூப்பிட்டா வரமாட்டீங்க. சோறு வெச்சாத் திங்கமாட்டீங்க. அந்தப் புல்லு இருக்கற வரைக்கும் நீங்க எந்திரிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவன் டிராக்டரிலிருந்து இறங்கிப் புல்லுக்குள் வந்தான்.

"அதைக் கீறி எடுத்துட்டா மறந்துருவீங்கன்னு."

பொங்கியண்ணன் அசையவில்லை. அவர் கையில் உருவின கதிர் அப்படியே இருந்தது. கொஞ்சம் காற்றில் போனது.

"மறக்கலை," என்றார் கடைசியில்.

"தெரியும்."

"உனக்கும் தெரியாது."

அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. கதிரேசன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மற்ற நான்கு காடும் ஒரே சிவப்பாகக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை மழை அவற்றின் மேல் ஓடு கட்டிவிட்டுப் போயிருந்தது. தூரத்தில், முதல் காட்டில், அந்த வெள்வேல மரம் மட்டும் தனியாக நின்றது.

"அப்ப இந்த டிராக்டரை என்னங்கப்பா பண்றது?" என்றான் கதிரேசன். "கொண்டுபோய் விட்டுட்டு வரட்டுமா?"

பொங்கியண்ணன் சாக்குப் பையைக் கழுத்திலிருந்து கழற்றி அவனிடம் நீட்டினார்.

"வந்தது வந்துருச்சு. மொதக் காட்டுல அந்த மரத்தைச் சுத்தி நாலு கோடு கீறிக் குடு சாமி. ஆழம் வேண்டாம், ஒரு விரக்கடை போதும்."